பாலத்துக்கு அடியில் ஒரு பாதாள லோகம்... தெரியுமா?

கடல் பாலத்தின் மேலே நின்று தூண்டில் போடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு பாலத்துக்கு அடியில் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களைத் தெரியுமா? தென் ஆஸ்திரேலியாவில், அடிலெய்டுக்குத் தெற்கே சுமார் 100 கி.மீ. தள்ளி இருக்கிறது ரேப்பிட் பே. அங்குள்ள பழைய பாலத்தின் அடியில், வழிகாட்டியின் பின்னால் ஒரு முழுக்குப் போடுவோம், வாருங்கள்!

இரும்புக்காகக் கட்டிய பாலம், தெரியுமா?
1940களில் பி.எச்.பி. நிறுவனம் இங்கே மலையை வெட்டிச் சுண்ணாம்புக்கல்லைக் கப்பலேற்றியது. இரும்பு உருக்கும் உலையில் அதைப் போட்டால் அழுக்கெல்லாம் கசடாகப் பிரிந்து வந்துவிடும்! பிறகு கப்பல்கள் வருவது நின்றுபோனது. 2009ல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்தது. பழையதை மீன்கள் முழுசாக எடுத்துக்கொண்டன.

பினாங்குக்கும் இந்த ஊருக்கும் உறவு உண்டு, தெரியுமா?
1836ல் 'ரேப்பிட்' என்ற கப்பலில் வந்து இங்கே இறங்கினார் கர்னல் வில்லியம் லைட். அடிலெய்டு நகரத்துக்குத் திட்டம் போட்டவர் இவர்தான். இவருடைய அப்பா பிரான்சிஸ் லைட் யார் என்கிறீர்களா? 1786ல் பினாங்கில் ஜார்ஜ் டவுனை நிறுவியவர்!

நிழல்தான் இங்கே உரம், தெரியுமா?
வெறும் மணல்தரையில் ஒட்டி வளர இடமேது? தூண்கள் இடம் கொடுத்தன. மேலே பாலம் வெயிலை மறைப்பதால் பாசியின் கை ஓங்குவதில்லை. அந்த இடைவெளியில் கடற்பஞ்சும் மென்பவளமும் தூணைச் சுற்றி மண்டிவிட்டன. நீரோட்டம் இரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்துவிடுகிறது!

கட்டைவிரலைத் தூக்கினால் ஆபத்து, தெரியுமா?
'சூப்பர்' என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்தினால், வழிகாட்டி உங்களை மேலே கூட்டிப்போய்விடுவார்! ஸ்கூபாவில் அதற்கு 'மேலே போகலாம்' என்று பொருள். எல்லாம் சரி என்று சொல்ல, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும்.

காது ஏமாந்துபோகும், தெரியுமா?
வழிகாட்டி சிலிண்டரில் 'டிங் டிங்' என்று தட்டுவார். எந்தப் பக்கமிருந்து? சொல்லவே முடியாது! தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் பாய்கிறது. காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எட்டிவிடுவதால் மூளைக்குத் திசை பிடிபடுவதில்லை.

டார்ச் அடித்தால்தான் சிவப்பு தெரியும், தெரியுமா?
சூரிய ஒளியில் சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் விழுங்குகிறது. 10 மீட்டர் ஆழத்தில் தூண் முழுக்கச் சாம்பலும் நீலமுமாகத் தெரியும். டார்ச்சைத் திருப்புங்கள்... ஆரஞ்சும் சிவப்புமாகப் பற்றி எரிகிறது!

இலைக்கு முகம் இருக்கிறது, தெரியுமா?
இங்கே எல்லோரும் தேடி வருவது 'லீஃபி சீடிராகன்' என்ற இலை டிராகனைத்தான்! கடல் குதிரையின் உறவு. 35 செ.மீ. வரை வளரும். ஆஸ்திரேலியாவின் தெற்குக் கடலைத் தவிர வேறெங்கும் கிடையாது. உடம்பெல்லாம் தொங்கும் 'இலைகள்' நீந்த உதவாது, சும்மா வேஷம். நீந்துவதற்குக் கழுத்தோரமும் முதுகிலும் கண்ணாடி போன்ற பொடித் துடுப்புகள். அவை துடிப்பதே கண்ணுக்குப் படாது. பல் இல்லை, இரைப்பையும் இல்லை! நீண்ட மூக்கால் பொடி இறால்களை உறிஞ்சும். பிள்ளைத்தாய்ச்சி? அப்பாதான்! கடல் குதிரைக்கு உள்ளது போன்ற பை கிடையாது. வாலின் அடியில் இளஞ்சிவப்பாக 250 முட்டை வரை ஒட்டவைத்துக்கொண்டு வாரக்கணக்கில் சுமக்கும்.

உங்கள் போட்டோவுக்கு வேலை இருக்கிறது, தெரியுமா?
2025 மார்ச்சில் தென் ஆஸ்திரேலியக் கடலில் நச்சுப் பாசி பெருகி, மீன், சுறா, திருக்கை என்று செத்து ஒதுங்கின. இலை டிராகன்களும் தப்பவில்லை. எது பிழைத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ள புள்ளிகளும் கோடுகளும் தனித்தனி. 'சீடிராகன்சர்ச்' திட்டத்தார் முக்குளிப்போர் அனுப்பும் படங்களை ஒப்பிட்டு ஆளை அடையாளம் காண்கிறார்கள். அதனால், தொடாதீர்கள், துரத்தாதீர்கள். பக்கவாட்டில் முகம் தெளிவாக விழும்படி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், போதும்!