உறைபனியும் பின்சக்கர வண்டியும்

உதகமண்டலத்தை அடுத்த கேத்தி பாலாடா பகுதியில் விளையும் கேரட், கழுவி மூட்டை கட்டப்பட்டு, சிறு சரக்கு வண்டிகளில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிகள் பல, காலியாகவே மலை ஏறுகின்றன. 'பிக்கப்' என்று நாம் அழைக்கும் இவ்வண்டிகளுள் பெரும்பாலானவை பின்சக்கரங்களால் உந்தப்படுபவை. என்ஜின் முன்பக்கம் இருந்தாலும், அதன் விசை நீண்ட தண்டு ஒன்றின் வழியாகப் பின்சக்கரங்களுக்கே செல்கிறது. முன்சக்கரங்கள் வண்டியை உந்துவதில்லை; திருப்ப உதவுகின்றன.

வழுக்கலான நாட்களில் ஒரு விந்தையைக் காணலாம். சுமை ஏற்றிய வண்டி ஏறிவிடும் மேட்டில், காலி வண்டி சக்கரம் சுழன்றபடி நின்ற இடத்திலேயே நிற்கும். சுமை குறைந்தால் ஏறுவது எளிதாக வேண்டாமா? ஏன் இப்படி?

வழுக்கல் எங்கிருந்து வருகிறது?

நீலகிரியில் இமயமலையைப் போல வெண்பனி பொழிந்து குவிவதில்லை. இங்கு வருவது உறைபனி. குளிர்காலத்தில் மேகமற்ற, காற்றசைவில்லாத இரவுகளில் தரை தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழக்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனம் மிகுந்து, பள்ளங்களில் சென்று தேங்குகிறது. அதனால்தான் தலைக்குந்தா போன்ற தாழ்வான பகுதிகளில் விடியற்காலையில் புல்வெளி வெள்ளை விரித்தாற்போல் காணப்படுகிறது. சாலையில் ஈரம் இருந்தால், நிழல் விழும் வளைவுகளிலும் சிறு பாலங்களின் மீதும் மெல்லிய பனிக்கட்டிப் படலம் உண்டாகலாம். பாலத்தின் மேலும் கீழும் குளிர்காற்று படுவதால் அது மற்றச் சாலையைவிட விரைவில் குளிர்ந்துவிடுகிறது.

குன்னூரை அடுத்த வெல்லிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பயிற்சி பெற்று, காஷ்மீருக்கும் லடாக்கிற்கும் செல்லும் வீரர்கள் மெய்யான வெண்பனிச் சாலைகளைச் சந்திக்கிறார்கள். சாலை வேறாயினும் விதி ஒன்றே. அது உராய்வு விதி.

ஏறும் கணக்கு

ஒரு சக்கரம் சாலையைப் பற்றி உந்தக்கூடிய பெரும விசை, அதன் மீது அழுந்தும் எடையையும் உராய்வுக் குணகத்தையும் பெருக்கி வருவது. இக்குணகம் உலர்ந்த தார்ச்சாலையில் ஏறத்தாழ 0.7, நனைந்த சாலையில் 0.4, வண்டிகள் ஓடி இறுகிய வெண்பனியில் 0.2, பனிக்கட்டியில் 0.1 அல்லது அதற்கும் குறைவு.

1,500 கிலோ எடையுள்ள காலி வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். என்ஜின் முன்னால் இருப்பதால் முன்சக்கரங்களின் மீது 900 கிலோ, பின்சக்கரங்களின் மீது 600 கிலோ அழுந்துவதாகக் கொள்வோம். சாலை 12 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்கிறது. வண்டியைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை 1,500-இல் 12-இல் ஒரு பங்கு, அதாவது 125 கிலோ எடை. பின்சக்கரங்கள் நனைந்த சாலையில் 240 கிலோ எடை அளவுக்கு உந்தலாம், வண்டி ஏறிவிடும். இறுகிய வெண்பனியிலோ 120 மட்டுமே கிடைக்கும். வண்டி ஏறாது, என்ஜின் எத்தனை குதிரைத் திறன் கொண்டதாயினும் ஏறாது.

இப்போது 1,000 கிலோ சுமை ஏற்றுவோம். அதில் 900 கிலோ பின்சக்கரங்களின் மீது விழுவதாகக் கொண்டால், அங்கு அழுந்தும் எடை 1,500 கிலோ ஆகிறது. இழுவிசை 208, உந்துவிசையோ 300. அதே வெண்பனியில் வண்டி ஏறுகிறது! இவ்வளவு சுமைகூடத் தேவையில்லை. பின் அச்சுக்கு நேர் மேலே 200 கிலோ மணல் மூட்டை வைத்தாலே, இழுவிசை 142, உந்துவிசை 160 என்றாகிவிடும். பனி பொழியும் நாடுகளில் குளிர்காலத்தில் பிக்கப் வண்டியில் மணல் மூட்டை ஏற்றுவதன் காரணம் இதுவே. மூட்டையை அசையாமல் கட்ட வேண்டும். அச்சுக்கு வெகு பின்னால் வைத்தால் முன்பக்கம் தூக்கி, திருப்பும் பிடி தளர்ந்துவிடும்.

நம் மலை இரயிலுக்கும் இதே சிக்கல் இருந்தது. எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரத்திற்குப் பிடி குறைவு. எனவே கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து, பற்சக்கரத்தால் பற்றி ஏறும்படி அமைத்தார்கள். 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய அந்த இரயில் இன்றும் அப்படியே ஏறுகிறது. வெண்பனிச் சாலையில் சக்கரத்திற்குச் சங்கிலி கட்டுவதும் ஏறத்தாழ இதே வழிதான்.

சக்கரம் சுழன்றால் ஆபத்து ஏன்?

டயருக்குக் கிடைக்கும் உராய்வு ஓர் அளவான கையிருப்பு. முன்னே உந்துவதும், வளைவில் பக்கவாட்டில் சறுக்காமல் காப்பதும் அதே கையிருப்பிலிருந்துதான். வளைவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பின்சக்கரம் சுழன்றால், பக்கவாட்டுப் பிடி ஏறக்குறைய தீர்ந்துவிடும். வண்டியின் பின்பகுதி வெளிப்புறமாக வீசப்படும். அப்போது பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, பின்பகுதி எந்தப் பக்கம் சறுக்குகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும்.

மலையில் இறங்கும்போது குறைந்த கியரில் இறங்குக என்பது நல்ல விதி. ஆனால் பின்சக்கர வண்டியில் என்ஜினின் தடை பின்சக்கரங்களில் மட்டுமே செயல்படுகிறது. வழுக்கலில் திடீரெனக் கியரைக் குறைத்தால், அதுவே பின்சக்கரங்களைச் சறுக்க வைக்கும். ஆகவே இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்.

நிற்கும் கணக்கு

மேலே கண்ட கணக்கைப் படித்தவர், "சுமை இருந்தால் பிடி உண்டு, இனி அச்சமில்லை" என்று எண்ணக்கூடும். தவறு இங்குதான் நேர்கிறது. சுமை கூடினால் உராய்வு கூடுகிறது. ஆனால் நிறுத்த வேண்டிய நிறையும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், நிற்கும் தொலைவில் சுமையால் ஆதாயம் எதுவும் இல்லை.

அதே 12-க்கு 1 சரிவில், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் வண்டி, பிரேக் பிடித்தபின் நிற்க வேண்டிய தொலைவைக் கணக்கிட்டால், உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 8 மீட்டர்; நனைந்த சாலையில் 16; வெண்பனியில் 44; குணகம் 0.1 ஆன பனிக்கட்டியில் 300 மீட்டர்! குணகம் 0.08-ஆகக் குறைந்தால் வண்டி நிற்கவே நிற்காது. நான்கு சக்கரங்களும் உந்தும் வண்டிக்கும் இந்தக் கணக்கில் சலுகை இல்லை. எல்லா வண்டிகளுக்கும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் உள்ளது. அவ்வண்டி ஏறுவதில் வல்லது, நிற்பதில் அல்ல.

சுமை வேறொரு கேட்டையும் செய்கிறது. 2,500 கிலோ வண்டி உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல், 140 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குச் சூடேற்றப் போதும். என்ஜினும் காற்றும் அதில் பங்கு ஏற்காவிடில், எல்லாம் பிரேக்கிற்கே வெப்பமாகப் போய்ச் சேரும். மிகச் சூடான பிரேக், மிதித்தாலும் பிடிக்காது.

ஆக, மலை வண்டியின் நிலை நமக்கு எதிராகவே அமைந்திருக்கிறது. பிடி தேவைப்படும் ஏற்றத்தில் வண்டி காலி. பிரேக் ஓய்வு தேட வேண்டிய இறக்கத்தில் முழுச் சுமை.

கணக்கில் நம் கையில் உள்ளது ஒன்றே: வேகம். நிற்கும் தொலைவு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகத்தைப் பாதியாக்கினால் தொலைவு காற்பங்காகும். வெண்பனியில் 44 மீட்டர் 11 ஆகிவிடும். பனிக்கட்டியில் 300 என்பது 75 ஆகும். அதுவும் ஒரு கொண்டை ஊசி வளைவுக்குப் போதாது. எனவே உறைபனிக் காலையில், நிழல் வளைவுகளில் வெயில் படும்வரை பொறுத்துப் புறப்படுவதே அறிவுடைமை. மண்டியில் கேரட் சற்றுப் பிந்தி இறங்கினாலும், ஓட்டுநர் வீடு திரும்புவார்.