தும்மலை நிறுத்திய மருந்து வயிற்றில் தோற்றது ஏன்?

கொசு கடித்தால் தோல் தடிக்கிறது, அரிக்கிறது. தூசி பட்டால் சிலருக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வருகிறது. மூக்கு ஒழுகுகிறது.

இதற்கெல்லாம் முக்கிய காரணம் ஒரே பொருள்தான். அதன் பெயர் "ஹிஸ்டமின்."

இது நம் உடம்பிலேயே இருக்கிறது. இது என்னென்ன செய்யும் என்பதை, 1910-ம் ஆண்டில் இங்கிலாந்து விஞ்ஞானி ஹென்றி டேலும் அவரது கூட்டாளி லெய்ட்லாவும் ஆராய்ந்து சொன்னார்கள்.

எதிரி பிறந்தது

பாரிஸ் நகரில் உள்ள பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் டேனியல் போவே என்பவர் வேலை பார்த்தார். ஸ்விட்சர்லாந்தில் பிறந்தவர். 1937-ம் ஆண்டில் அவரும் ஆன்-மேரி ஸ்டாப் என்ற பெண்மணியும், ஹிஸ்டமினைத் தடுக்கும் முதல் பொருளைக் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் அதில் நச்சுத்தன்மை அதிகம். மனிதர்களுக்குக் கொடுக்க முடியவில்லை. ஆராய்ச்சி தொடர்ந்தது. 1944-ல் "மெபிரமின்" என்ற மருந்து வந்தது.

1957-ல் போவேக்கு நோபல் பரிசு கிடைத்தது.

குடல் துண்டில் சோதனை

"கினிப் பன்றி" என்று ஒரு பிராணி உண்டு. பெயர்தான் பன்றி. உண்மையில் எலி இனம்.

அதன் குடலில் ஒரு சிறு துண்டை வெட்டி, வெதுவெதுப்பான உப்பு நீரில் தொங்கவிடுவார்கள். நீரில் ஹிஸ்டமினைக் கலந்தால் குடல் துண்டு சுருங்கும். முதலில் மெபிரமினைக் கலந்துவிட்டு, பிறகு அதே அளவு ஹிஸ்டமினைக் கலந்தால் சுருங்காது!

வயிற்றில் தோல்வி

ஹிஸ்டமினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இரைப்பையில் அமிலம் சுரக்கச் செய்யும். அமிலம் படப்பட, வயிற்றுப்புண் ஆறுவது கடினம். அந்தக் காலத்தில் பலர் இதற்காக ஆபரேஷன் செய்துகொண்டார்கள்.

மெபிரமின் இந்த அமிலத்தையும் தடுத்ததா? இல்லை.

காரணம் இதுதான். ஹிஸ்டமின் ஒரு சாவி. உடம்பில் அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டுகள் இருக்கின்றன. மெபிரமின் ஒரு பூட்டின் துவாரத்தைத்தான் அடைக்கிறது. இரைப்பையில் இருப்பது வேறு பூட்டு!

அந்த இரண்டாவது பூட்டை அடைக்கும் பொருளை, ஜேம்ஸ் பிளாக் என்ற விஞ்ஞானியின் குழு 1972-ல் வெளியிட்டது. அதில் இருந்து பிறந்த "சிமெடிடின்" மருந்து 1976-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. ஆபரேஷன் இல்லாமலே பலருக்குப் புண் ஆறியது. 1988-ல் பிளாக்கும் நோபல் பரிசு பெற்றார்.

இன்றும் சோதனைச்சாலைகளில் மெபிரமினுக்கு வேலை இருக்கிறது. எந்தப் பூட்டு திறந்தது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

தூக்கம் வரும், ஜாக்கிரதை!

இந்தப் பழைய வகை மருந்துகள் மூளைக்குள்ளும் புகும். தூக்கம் வரும். சளி, அரிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், "தூக்கம் வருமா?" என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் தரும் மாத்திரை என்றால், அதைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டாதீர்கள்!