வீட்டின் தரத்துக்குச் சட்டத்தின் அளவுகோல்

ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்புகளில் வாழ்வோர் பணி ஓய்வுக்குப் பின் அவ்வீட்டைக் காலி செய்தாக வேண்டும். சொந்த வீட்டுக் கடன் நாடி வரும் அவர்களிடம் நாங்கள் வலியுறுத்துவது ஒன்றுண்டு: கட்டுமானத் திட்டத்தின் இலக்கைக் கட்டுநர் மட்டும் வகுப்பதில்லை, சட்டமும் வகுக்கிறது.

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின்கீழ்ப் பதிவான திட்டங்களில், வாங்குவோர் செலுத்தும் தொகையில் 70 விழுக்காடு தனி வங்கிக் கணக்கில் இருத்தல் வேண்டும். அது நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே உரியது. பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் ஆகியோர் சான்றளித்த பின்னரே, முடிந்த பணியின் அளவுக்கு அதனை எடுக்கலாம்.

வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறையைக் கட்டுநர் 30 நாட்களில் கட்டணமின்றிச் சீர்செய்ய வேண்டும். பழுதுச் செலவு தம்முடையதே என்பதால், தரத்தைத் தொடக்கத்திலேயே திட்டமிடுவது அவருக்கும் நன்மையே.

முன்பணம் செலுத்துமுன் திட்டத்தின் பதிவு எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.