சாய்ந்த மரம் கிடந்தால் நட்ட கன்று நிற்காது
கஜா புயல் சொல்லித் தந்த கணக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலோர டெல்டாவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காது வானிலைச் செய்தியில்தான் இருக்கும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்ற சொல் வந்ததுமே பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பேச்சு கஜாவுக்குப் போய்விடுகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அந்தப் புயல் கரை கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் வீசிய காற்று நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒரே இரவில் புரட்டிப் போட்டது. லட்சக்கணக்கான தென்னை மரங்கள் சாய்ந்தன. மா, பலா, முந்திரி, வாழை எதுவும் தப்பவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன.

நெல் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னை அப்படியல்ல. கன்றைத் ‘தென்னம்பிள்ளை’ என்று சொல்லி வளர்க்கும் ஊர் அது. 30, 40 ஆண்டுகள் சோறு போட்ட மரங்கள் வேரோடு படுத்துக் கிடந்தன. அடுத்து என்ன நடுவது என்று யோசிப்பதற்கு முன்னால், கிடக்கும் மரங்களை என்ன செய்வது என்ற கேள்வி தோப்பை அடைத்துக்கொண்டு நின்றது.

அரசு கொடுத்த கணக்கு

சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. அதில் 600 ரூபாய் மரத்துக்கான இழப்பீடு. 500 ரூபாய் மரத்தை அறுத்து அப்புறப்படுத்துவதற்கு. ஹெக்டேருக்கு 175 மரங்கள் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய் வரும்.

2 ஏக்கர் தோப்பு வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஏக்கருக்கு 70 மரம் வீதம் 140 மரங்கள். மொத்தம் 1,54,000 ரூபாய். அதில் 70,000 ரூபாய் அகற்றும் வேலைக்கு மட்டும். இந்தத் தொகை போதாது என்று விவசாயிகள் அப்போதே குரல் கொடுத்தார்கள். அந்தக் குரலில் நியாயம் இருந்தது. நாலு மாவட்டத்திலும் ஒரே நாளில் மரம் விழுந்தால் ரம்பம் வைத்திருப்பவருக்கும் பொக்லைன் வைத்திருப்பவருக்கும் ஒரே நேரத்தில் அழைப்பு போகும். ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் கூலி ஏறிவிடும்.

ஆனாலும் அந்த அறிவிப்பில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அகற்றும் செலவைத் தனியாகப் பிரித்துக் காட்டியதுதான் அது. அந்த 500 ரூபாய் குடும்பச் செலவுக்குப் போய்விட்டு மரம் தோப்பிலேயே கிடந்தால், நஷ்டம் இரண்டாவது முறையும் வரும். அந்த நஷ்டத்தின் பெயர் காண்டாமிருக வண்டு.

தொட்டில் கட்டிக் கொடுத்த கதை

காண்டாமிருக வண்டு முட்டையிடுவது அழுகும் தென்னந்தண்டிலும் எருக்குழியிலும்தான். ஒரு பெண் வண்டு 140 முதல் 150 முட்டைகள் வரை இடும். முட்டை பொரிக்க 8 முதல் 18 நாட்கள், புழுப்பருவம் 99 முதல் 182 நாட்கள், கூட்டுப்புழுப் பருவம் 10 முதல் 25 நாட்கள். ஆக, முட்டை வண்டாக மாற ஏறக்குறைய 4 மாதம் முதல் ஏழரை மாதம் வரை ஆகும். வெளிவந்த வண்டு 200 நாட்களுக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

இதை நடவுக் காலத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தென்னை நட உகந்த காலம் ஜூன்–ஜூலை அல்லது டிசம்பர்–ஜனவரி. கார்த்திகையில் புயல் அடித்தால் மார்கழி, தையில் நிலம் தயாராவது கடினம். பெரும்பாலானோர் ஆனி, ஆடியில்தான் நடுவார்கள். மழையில் ஊறி அழுகத் தொடங்கிய தண்டில் தை மாதம் முட்டை விழுந்தால், வைகாசியிலிருந்து ஆவணி வரை வண்டு வெளியே வரும். புதுக்கன்று வேர் பிடிக்கும் அதே நாட்கள். குருத்தைத் துளைத்த வண்டுக்கு இளங்கன்று தாங்காது. காற்றுக்குத் தப்பி நிற்கும் மரங்களிலும் மட்டைகள் விசிறி போல வெட்டுப்பட்டு விரியும், மகசூல் குறையும்.

ஒருவர் தன் தோப்பைச் சுத்தம் செய்துவிட்டு, பக்கத்துத் தோப்பில் மரம் கிடந்தாலும் பயன் பாதிதான். வண்டுக்கு வரப்பு தெரியாது. அதனால்தான் மரம் அகற்றுவது தனி வீட்டு வேலையல்ல, ஊர் வேலை.

இன்னொரு ஊரில் செய்த விதம்

பணத்தை விவசாயி கையில் கொடுப்பது ஒரு முறை. அரசே உள்ளே வந்து அகற்றித் தருவது இன்னொரு முறை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள ஜாப்ளின் நகரத்தை 2011 மே 22 அன்று கடுமையான சுழல்காற்று தாக்கியது. 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள் இடிந்தன. அங்கே வீட்டுக்காரர் எழுத்துமூலம் அனுமதி கொடுத்தால், அரசின் ஏற்பாட்டில் இயந்திரங்கள் தனியார் மனைக்குள் வந்து இடிபாடுகளை அள்ளிச் சென்றன. மத்திய அரசு வழக்கமாக 75 சதவீதச் செலவை ஏற்கும். ஆகஸ்ட் 7-க்குள் அகற்றினால் 90 சதவீதம் என்று அறிவித்தார்கள். கெடு வைத்ததால் வேலை வேகம் பிடித்தது.

அங்கே கிடந்தது வீட்டுச் சுவர். இங்கே கிடப்பது தென்னை. இருந்தாலும் எடுத்துக்கொள்ளக் கூடிய பாடம் ஒன்றுதான்: பணத்தோடு இயந்திரமும் கெடுவும் சேர வேண்டும். நம் ஊருக்கு அந்தக் கெடுவை வண்டின் வாழ்க்கையே வைத்துவிட்டது. புயலடித்த மூன்று மாதத்துக்குள், அதாவது மாசி பிறப்பதற்குள், தண்டு தோப்பை விட்டு வெளியேறிவிட வேண்டும்.

ரம்பம் எடுப்பதற்கு முன்

முதலில் மின்கம்பி. அறுந்த கம்பி மரத்தின் மேலோ வேலியின் மேலோ கிடக்கிறதா என்று பார்த்து, மின்வாரியத்தார் இணைப்பைத் துண்டித்ததை உறுதி செய்த பிறகே தோப்பில் கால் வைக்க வேண்டும்.

அடுத்தது கணக்கெடுப்பு. வருவாய்த் துறையும் வேளாண்மை, தோட்டக்கலைத் துறையும் வந்து எண்ணும்வரை பொறுப்பது நல்லது. வழியை மறித்த மரத்தை உடனே வெட்ட வேண்டியிருந்தால், விழுந்த நிலையில் புகைப்படம் எடுத்து, எண்ணிக்கையைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டு வெட்டலாம். பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள் ஒரே உறையில் இருக்கட்டும். கூட்டுப் பட்டா உள்ளவர்களும் கோயில் நிலத்தில் குத்தகை செய்பவர்களும் நிவாரணத்தில் அதிகம் அலைவதைப் பார்க்கிறோம். அடங்கலில் பயிர்ப் பதிவு சரியாக இருக்கிறதா என்பதைப் புயல் வருவதற்கு முன்பே, ஆடி, ஆவணியிலேயே பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, எதை வெட்டுவது என்ற முடிவு. தென்னைக்கு வளர்முனை ஒன்றுதான். கொண்டை முறிந்த மரம் பிழைக்காது. ஆனால் வேர் முழுவதும் அறாமல் சாய்ந்த இளமரத்தைக் கயிறு கட்டி மெல்ல நிமிர்த்தி, மண் அணைத்து, முட்டுக் கொடுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. மா, பலாவில் கிளைகளைக் கவாத்து செய்து நிமிர்த்தலாம். வெட்டிய இடத்தில் காப்பர் ஆக்சிகுளோரைடு பசை பூச வேண்டும். காயம்பட்ட தென்னையை வெறுமனே விட்டால் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும்.

அறுத்த மரத்துக்கு வழி

முற்றிய தண்டு கைமரத்துக்கும் கொட்டகைக்கும் ஆகும். மீதியைச் செங்கல் சூளைக்கு அனுப்பலாம். தனித்தனியாக விலை பேசினால் வியாபாரி சொல்வதுதான் விலை. பத்துத் தோப்புக்காரர்கள் சேர்ந்து பேசினால், குறைந்தது ஏற்றுக்கூலியாவது மிஞ்சும். அனுப்ப வழியே இல்லாத தண்டை நீளவாக்கில் பிளந்து வெயிலில் காயப்போட வேண்டும். காய்ந்த தண்டில் வண்டு தங்காது. மண்ணில் நின்றுவிடும் தூரை மறக்கக் கூடாது. அதுவும் வண்டுக்கு வீடுதான்.

மட்டைகளை எரிக்க வேண்டாம். துண்டாக்கி, சாணிக் கரைசல் தெளித்து, மண்புழு விட்டால் உரமாகும். அந்தக் குழியை அடிக்கடி கிளறிப் புழுக்களைப் பொறுக்குவதும், மெட்டாரைசியம் பூஞ்சாணக் கலவையைத் தெளிப்பதும் அவசியம்.

தோப்பில் 5 ஏக்கருக்கு ஒரு இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சிறு மண்பானைகளில் ஊற்றி வைத்தாலும் வண்டு வந்து விழும். ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளோடு இரண்டு பங்கு மணல் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் நடுக்குருத்தை ஒட்டிய மூன்று மட்டைகளின் இடுக்கில் இடுவது கைச்செலவு குறைந்த காப்பு.

மறுநடவும் ஊர்க்கூட்டமும்

இருபத்தைந்தடிக்கு இருபத்தைந்தடி இடைவெளியில், மூன்றடி ஆழ அகலக் குழியில் நடுவது பழைய விதி. 9 முதல் 12 மாத வயதும் குறைந்தது 6 இலைகளும் உள்ள தடித்த கன்றாகப் பார்த்து வாங்க வேண்டும். நெட்டை ரகம் காய்க்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். அதுவரை கடலை, உளுந்து, எள், வாழை போன்ற ஊடுபயிர்தான் வீட்டுக்கு அரிசி. நிலம் சுத்தமானால்தான் அந்த ஊடுபயிருக்கும் ஏர் இறங்கும்.

ரம்பத்தை ஆளுக்கொன்று வாங்க முடியாது. உழவர் குழுவோ உற்பத்தியாளர் நிறுவனமோ இரண்டு ரம்பம் வாங்கி, ஓட்டத் தெரிந்த நாலு பேரைத் தயார் செய்து வைத்தால் ஒரு கிராமத்துக்குப் போதும். டெல்டாவில் மாற்றாள் வேலை புதிதல்ல. நடவுக்குக் கூடிய கைகள் மரம் அகற்றவும் கூடலாம். ஆளில்லாத வீடு, முதியவர் மட்டும் இருக்கும் வீடு, வெளியூர்க்காரர் தோப்பு இவற்றை முதல் வாரத்திலேயே பட்டியல் போட வேண்டும். மரம் அதிக நாள் கிடப்பது அங்கேதான்.

விவசாயிகள் அடிக்கடி கேட்பவை

நிவாரணத் தொகை வந்த பிறகு மரத்தை எடுத்தால் போதாதா?
கணக்கெடுப்பு முடிந்ததும் எடுக்கத் தொடங்கிவிடுவது நல்லது. தொகைக்காகக் காத்திருந்தால் வண்டு முந்திவிடும்.

மரத்தைத் தோப்பிலேயே புதைக்கலாமா?
மேலோட்டமாகப் புதைத்தால் ஈரத்தில் அழுகி, வண்டு வளரும் இடமாகிவிடும். வேண்டாம்.

தென்னைக்குக் காப்பீடு உண்டா?
உண்டு. தென்னை வளர்ச்சி வாரியத்தின் தென்னை மரக் காப்பீட்டில் பிரீமியத்தில் பாதியை வாரியமும் கால்பங்கை மாநில அரசும் ஏற்கும். மீதிக் கால்பங்குதான் விவசாயி கட்டுவது. வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்து, மழைக்காலத்துக்கு முன்பே சேர்ந்துவிட வேண்டும்.