மழையில் மங்கும் முன்கண்ணாடி

ஐப்பசித் திங்களில் மழை தொடங்கிய பின்னரே, காரின் முன்கண்ணாடியில் வைப்பர் என்றொரு கருவி இருப்பது நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றது. கோடை முழுவதும் வெயிலில் அசையாது கிடந்த அக்கருவி, முதல் மழையிலேயே நீரைத் துடைப்பதற்கு மாறாகக் கண்ணாடியை மெழுகிவிடுகின்றது. பகலில் சிறு தொல்லையாகத் தோன்றும் இக்குறை இரவில் உயிருக்கே ஊறு செய்யவல்லது. எதிர்வரும் வண்டியின் விளக்கொளி அம்மெழுக்கில் பட்டுக் கண்ணாடி முழுதும் பரவுகையில், சாலையைக் கடக்கும் முதியவர் ஓட்டுநர் கண்ணுக்குப் புலப்படுவதேயில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் செவ்வனே இயங்கும் வைப்பரைக் கட்டாயமாக்கியிருத்தல் ஈண்டு நினைக்கத்தக்கது.

அமெரிக்க நாட்டு அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் அம்மையார் 1903இல் இக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். வண்டிக்குள் இருந்தவாறே கையால் நெம்பி இயக்கும் கருவி அது. இன்று மோட்டார் இயக்கினும் அடிப்படை மாறவில்லை. கையிலுள்ள சுருள்வில் அழுத்த, மெல்லிய ரப்பர் விளிம்பு ஒருபுறம் சாய்ந்தவாறு கண்ணாடிமேல் இழுபட்டுச் செல்கின்றது. திரும்பும்போது மறுபுறம் சாய்கின்றது. எனவே ரப்பர், அதனை அழுத்தும் கை, துடைக்கப்படும் கண்ணாடி ஆகிய மூன்றும் ஒத்துழைத்தல் வேண்டும். நாமோ ரப்பரை மட்டுமே குற்றவாளியாக்கிப் புதிய பிளேடு வாங்கிவிடுகின்றோம். அதன் பின்னும் கண்ணாடி மங்கினால் கடைக்காரரை நோகின்றோம்!

குறை எங்குள்ளது என்பதைக் கண்ணாடியில் விழும் தடமே காட்டிவிடும். மெல்லிய கோடுகள் விழுமாயின், விளிம்பில் மணல் ஒட்டியிருக்கலாம். ஈரத்துணியால் விளிம்பை நெடுக வழித்துவிட்டால் போதும். அதன் பின்னும் அதே இடத்தில் கோடு விழுந்தால் ரப்பர் கிழிந்துள்ளது என அறியலாம். அதனை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. நீர் அகலப் பட்டையாகத் துடைபடாது நின்றால், அவ்விடத்தில் அழுத்தம் போதவில்லை என்பது பொருள். சுருள்வில் தளர்ந்திருக்கலாம், பிளேட்டைத் தாங்கும் சட்டத்தின் மூட்டுகள் துருவேறி இறுகியிருக்கலாம்.

ஒருபுறம் செல்கையில் நன்கு துடைத்து, மறுபுறம் திரும்புகையில் தடதடவெனத் துள்ளுவது மற்றொரு வகை. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை இறுகச் செய்கின்றன. மாதக்கணக்கில் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்த விளிம்பு, இறுகியபின் மறுபக்கம் சாய மறுத்து, ஒட்டியும் வழுக்கியும் செல்வதாலேயே அத்துள்ளல் எழுகின்றது. புதிய ரப்பரிலும் துள்ளல் தொடருமாயின் கை முறுக்கிக்கொண்டுள்ளது எனலாம். மெக்கானிக் அதனைச் சற்றே திருகி, பிளேடு கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்குமாறு செய்துவிடுவார்.

இவை யாவும் எளிதிற் காணத்தக்கவை. பெரும்பாலோர் காணத் தவறுவது கண்ணாடியின் குறையே. டீசல் புகை, சாலையின் எண்ணெய்ப் பிசுக்கு, பாலிஷ் மெழுகு ஆகியவை கண்ணுக்குத் தெரியாத படலமாகக் கண்ணாடியிற் படிகின்றன. பிளேடு கடந்ததும் பனிபோல் ஒரு மங்கல் தோன்றி, ஓரிரு நொடியில் மறையுமாயின் ஐயம் இப்படலத்தின் மீதே எழ வேண்டும். கண்ணாடியில் ஒரு குவளை நீரை ஊற்றிப் பாருங்கள். தூய கண்ணாடியில் நீர் தாள்போல் பரவும், பிசுக்கேறியதில் முத்து முத்தாகத் திரளும். சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால் படலம் அகலும். மண்ணெண்ணெயால் துடைப்பார் சிலர். அது பிசுக்கின்மேல் பிசுக்கு. லாரி ஓட்டுநர்கள் மழையிடையே பீடிப் புகையிலையைக் கசக்கிக் கண்ணாடியில் தேய்க்கும் வழக்கம் உண்டு. அதனை நகைக்க வேண்டா. துளிகள் திரளாது நீர் பரவுவதற்கு அவர்கள் கண்ட கைவைத்தியம் அது.

புழுதி படிந்த உலர்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டுதல் மட்டும் எக்காலத்தும் கூடாது. நீர்த்தொட்டியை நிரப்பி, பீச்சும் துளை அடைபட்டிருப்பின் குண்டூசியால் குத்திவிட்டு, முதலில் நீரைப் பீச்சிய பின்னரே இயக்குதல் வேண்டும். மணல் உரசி நகத்திற்குத் தட்டுப்படும் அளவு கீறல் விழுந்துவிட்டால், ரப்பரை எத்தனை முறை மாற்றினும் பயனில்லை; கண்ணாடியையே மாற்ற நேரிடும்.