வல்லம் தந்த கணித வித்வான்

முதுகுளத்தூர்ச் சீமையில் மிளகாய் வற்றலை எடைக்கல் வைத்து நிறுத்த காலம் ஒன்று உண்டு. வானம் பார்த்த பூமியிலே, கண்மாய்த் தண்ணீரை நம்பிப் பயிரிட்டு, வெயிலில் உலர்த்தி எடுத்த முண்டு மிளகாய் தட்டில் ஏறும்போது, குடியானவரின் கண்கள் வற்றலை விட்டு எடைக்கற்களின் மீதே பதிந்திருக்கும். ஒரு வருஷத்துப் பாடு அந்தக் கற்களில் அல்லவா அடங்கியிருந்தது? இன்று மின்தராசு வந்துவிட்டது. எனினும் அந்தப் பழைய தராசைத் துணைக்கு வைத்துக்கொண்டு, உலகத்தின் பெரிய கணித மேதைகளை நூற்றைம்பது வருஷங்களுக்கு மேல் திகைக்க வைத்த கேள்வி ஒன்றை நாம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

ஒரு வியாபாரியிடம் 1 பலம், 64 பலம், 729 பலம், 4096 பலம் என்ற அளவுகளில் மாத்திரமே கற்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 1, 2, 3, 4 என்னும் எண்களை ஆறு தடவை அடுக்கிப் பெருக்கினால் வருபவையே இந்த எண்கள். இதே முறையில் மேற்கொண்டும் பெரிய கற்கள் உண்டு. ஒவ்வோர் அளவிலும் எத்தனை கல் வேண்டுமானாலும் கிடைக்கும். 703 பலம் வற்றலை நிறுக்க வேண்டும். 729 பலக் கல் உதவாது. 64 பலக் கற்கள் பத்தை வைத்தால் 640. மீதி 63-க்கு ஒரு பலக் கற்களே கதி. ஆக 73 கற்கள். இதைவிட அதிகக் கற்கள் தேவைப்படும் எடை ஏதாவது உண்டா? கோடி பலமானாலும் 73 கற்களுக்குள் அடங்கிவிடுமா?

அடங்கும் என்று 1940-ம் வருஷத்தில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்தவர் ஒரு தமிழர். அவர் பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகம் அவரை எஸ். எஸ். பிள்ளை என்று அறியும்.

குற்றாலத்துக்கு அருகிலுள்ள வல்லம் கிராமத்தில் 1901-ம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி அவர் பிறந்தார். பிறந்த மறு வருஷமே தாயார் கோமதி அம்மாள் காலமானார். செங்கோட்டைப் பள்ளியில் படிப்பு முடியும் தறுவாயில் தகப்பனாரும் மறைந்தார். தாயும் தந்தையும் இல்லாத பையனுக்கு மேற்படிப்பு ஏது? நமது கிராமங்களில் இத்தகைய கதைகள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. இந்தக் கதை முடியாமல் காத்தவர், சாஸ்திரியார் என்று அழைக்கப்பட்ட ஓர் உபாத்தியாயர். மாணவனின் புத்தி நுட்பத்தை முன்பே கண்டுகொண்டிருந்த அவர், பொருளுதவி செய்து அவனைத் தாங்கினார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும், பின்னர் உபகாரச் சம்பளம் பெற்றுத் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பிள்ளை பயின்றார். 1927-ல் சென்னை சர்வகலாசாலையில், பேராசிரியர் கே. ஆனந்தராவ் அவர்களின் கீழ் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலை சர்வகலாசாலை தோன்றியது. அதே வருஷத்தில் பிள்ளை அங்கே விரிவுரையாளராக அமர்ந்தார். அவருடைய மிகச் சிறந்த ஆராய்ச்சிகள் அங்கேதான் நடந்தன. வாரிங் என்ற ஆங்கிலேயர் 1770-ம் வருஷத்தில் எழுப்பிய கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. எந்த எண்ணையும் வர்க்கங்களாகப் பிரிக்க நான்கு வர்க்கங்கள் போதும் என்பதை லக்ராஞ்சி என்ற மேதை அதே வருஷத்தில் நிரூபித்திருந்தார். மற்ற அடுக்குகளுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு என்று 1909-ல் ஜெர்மனியின் ஹில்பர்ட் காட்டினார். ஆனால் அந்த எல்லை எவ்வளவு? அதைத்தான் சொல்வாரில்லை.

அப்போது அமெரிக்காவில் சிகாகோ சர்வகலாசாலையிலும் ஒருவர் இதே கேள்வியோடு மல்லாடிக்கொண்டிருந்தார். அவர் லியோனார்டு யூஜீன் டிக்ஸன். 1874-ல் பிறந்து, டெக்ஸாஸில் வளர்ந்து, 1896-ல் சிகாகோவில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1900 முதல் 1939 வரை அங்கேயே போதித்தவர். எண் கணிதத்தின் சரித்திரத்தை மூன்று பெரும் புத்தகங்களாக எழுதியவர். அறுபதுக்கும் மேற்பட்ட டாக்டர்களை உருவாக்கிய ஆசான். செல்வமும், புத்தகசாலையும், சீடர் கூட்டமும் சூழ்ந்திருந்த அந்த அமெரிக்க மேதையும், சிதம்பரத்தில் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்த பிள்ளையும், ஒருவர் வழியை மற்றவர் அறியாமல், 1936-ம் வருஷத்தை ஒட்டி ஒரே விடைக்கு வந்து சேர்ந்தார்கள். ஏழும் அதற்கு மேற்பட்டதுமான அடுக்குகளுக்கு, ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு, எத்தனை எண்கள் தேவை என்பதை இருவரும் வகுத்தார்கள். பிள்ளை தம் விடையை வெளியிட்டது அண்ணாமலை சர்வகலாசாலையின் சொந்தச் சஞ்சிகையில்! அந்நிய தேசத்துப் பட்டம் ஒன்றும் அவரிடம் இல்லை. எண்ணுக்குக் குலமும் இல்லை, தேசமும் இல்லை. சரியான விடை சிதம்பரத்தில் பிறந்தாலும் சரியானதே.

ஆறாம் அடுக்கு அந்த வழிக்கு இடங்கொடுக்கவில்லை. அதைத்தான் பிள்ளை 1940-ல் தனியாக வென்றார். நாம் முன்னே கண்ட 73 அதன் விடை.

1941-ல் திருவாங்கூர் சர்வகலாசாலைக்கும், அடுத்த வருஷம் கல்கத்தா சர்வகலாசாலைக்கும் பிள்ளை சென்றார். பிறகு, பிரின்ஸ்டனிலுள்ள உயர் ஆராய்ச்சி நிலையம் ஒரு வருஷம் அங்கே வந்து தங்கும்படி அவரை அழைத்தது. 1950-ம் வருஷம் ஆகஸ்டு இறுதியில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் சர்வதேசக் கணித மகாநாடும் கூடவிருந்தது. பிள்ளை ஆகாய விமானம் ஏறினார். ஆகஸ்டு 31-ந் தேதி கெய்ரோவிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் விமானம் பாலைவனத்தில் விழுந்து எரிந்தது. அதிலிருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிள்ளைக்கு அப்போது வயது 49.

அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. ஐந்தாம் அடுக்கை 1964-ல் சீனாவின் சென் ஜிங்ருன் முடித்தார். எஞ்சி நின்ற நான்காம் அடுக்கை 1986-ல், பிரெஞ்சு அறிஞர் இருவருடன் சேர்ந்து முடித்தவர் ஆர். பாலசுப்பிரமணியன். அவரே மற்றோர் அறிஞருடன் கூடி, பிள்ளையின் ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டினார். அத்தொகுப்பு 2010-ல் வெளியாயிற்று. பிள்ளை விட்டுச் சென்ற ஓர் ஊகமோ இன்னும் நிரூபணமாகவில்லை. 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என்று அடுக்கு எண்களை வரிசையாக எழுதிக்கொண்டே போனால், அடுத்தடுத்த எண்களின் இடைவெளி எந்த அளவைச் சொன்னாலும் அதையும் கடந்து வளர்ந்தே தீரும் என்றார் அவர். ஆம் என்றோ இல்லை என்றோ இன்றுவரை ஒருவரும் முடிவுகட்டவில்லை.

விமான விபத்தைத் தடுக்க நம்மால் ஆகாது. ஆனால் அதற்கு முன்னே, செங்கோட்டையில் மற்றொரு விபத்து நேர இருந்தது. தகப்பனை இழந்த பையன் பள்ளியை விட்டு நின்றிருந்தால், உலகத்துக்கு அவன் பெயரே தெரிந்திராது. அதற்காகத் துக்கப்பட ஆளும் இருந்திராது. ஓர் உபாத்தியாயரின் சொற்ப உதவி அதைத் தடுத்தது. முதுகுளத்தூரிலும், அதைச் சுற்றியுள்ள கண்மாய்க்கரைக் கிராமங்களிலும், இன்றும் கணக்கில் தீராத ஆசை கொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். மழை பொய்த்த வருஷத்தில் அவர்களில் யாருடைய படிப்பு நிற்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் விசாரிக்கிறோம்? பிள்ளையவர்களின் ஞாபகத்தை நாம் போற்ற வேண்டுமானால், அந்த விசாரணையை அடுத்த வீட்டிலிருந்தே தொடங்கலாம்.