‘ஒரு மாதிரியா இருக்கு’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

இரவு பதினோரு மணிக்கு மேல் அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து மனநல மருத்துவனான என்னைக் கூப்பிட்டால், அங்கே யார் உட்கார்ந்திருப்பார் என்று ஓரளவு தெரிந்தே கிளம்புகிறேன். நாற்பதை ஒட்டிய ஓர் ஆண். சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். பக்கத்தில் மனைவி, அவர் மடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை. பைக்குள் சில மாதங்களில் சேர்ந்த ஐந்தாறு ஈசிஜி, ஒரு எக்கோ. எல்லாம் நார்மல்.

“என்ன பண்ணுது?”

“ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்.”

“ஒரு மாதிரின்னா எந்த மாதிரி?”

இந்தக் கேள்விக்குப் பதில் வர அரை மணி நேரம் ஆகும். முதலில் படபடப்பு என்பார். பிறகு கேஸ் என்பார். பிரஷராக இருக்குமோ என்பார். அண்மையில் வந்த ஒருவர் கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எங்க அண்ணன் நாப்பத்திரண்டு வயசுல தூக்கத்துலயே போயிட்டாரு. வர்ற தையில எனக்கும் நாப்பத்திரண்டு. படுத்தா எந்திரிக்க மாட்டேனோன்னு பயமா இருக்கு.” அவர் மனைவி அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார். கணவருக்கு ஏன் பகலில் ஒன்றும் செய்யாமல் பாய் விரித்த பிறகே மூச்சு முட்டுகிறது என்பது எங்கள் மூவருக்கும் அப்போது புரிந்தது. எட்டு மாதமாகப் பல மாத்திரைகள் விழுங்கியிருந்தார். இந்த ஒரு வாக்கியத்தை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, தனக்குள்ளும் சொல்லிப் பார்க்கவில்லை.

சில ஆண்டுகளாக இப்படி வருகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். 2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பில் இறந்தபோது, பெங்களூருவின் இதய மருத்துவமனைகளில் பரிசோதனைக்கு இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். இன்று கைபேசியில் ஒருவர் நடனமாடிக்கொண்டே சரிந்து விழும் காணொளி வந்தால், அன்றிரவே எங்கள் ஊரில் இரண்டு பேராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

முதலில் இதயம்

முதன்முறையாக நெஞ்சு அழுத்தமோ, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலியோ, வியர்வையோடு மயக்கமோ வந்தால் அதற்குப் பெயர் தேடிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். 108ஐ அழையுங்கள். ஈசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை: இவற்றோடு மருத்துவர் சொல்லும் மற்றப் பரிசோதனைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இனிச் சொல்வது, எல்லாம் பார்த்து, எல்லாம் சரி என்று மருத்துவர் சொன்ன பிறகும் விடாமல் வரும் பயத்தைப் பற்றி.

‘வாய்விட்டுச் சொன்னால் கூடிவிடும்’

என்னிடம் வரும் குடும்பங்களில் ஆழமாக வேரோடிய நம்பிக்கை இது. “அதையே பேசாதே”, “வாயில நல்ல வார்த்தை வரட்டும்” என்று அடக்கிவிடுவார்கள்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மேன் குழுவினர் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கோபமும் பயமும் தெரியும் முகப் படங்களைக் காட்டி, அப்போது மூளை எப்படி வேலை செய்கிறது என்று ஸ்கேனில் பார்த்தார்கள். அந்த முகத்தில் இருப்பது கோபமா பயமா என்று சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் ஆபத்து மணி அடிக்கும் அமிக்டலாவின் பரபரப்பு தணிந்தது. அதே முகத்துக்கு ஓர் ஆள் பெயரைப் பொருத்தச் சொன்னபோது அந்த அளவுக்குத் தணியவில்லை. உணர்ச்சியின் பெயரைச் சொன்னால்தான் பலன் இருந்தது.

அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2012இல் வந்த ஆய்வை நான் நோயாளிகளின் வீட்டாரிடம் விவரமாகச் சொல்வேன். சிலந்தி என்றாலே நடுங்கும் 88 பேரை உயிருள்ள டரன்டுலா சிலந்திக்கு அருகில் அழைத்துப் போனார்கள். ஒரு பிரிவினர், ‘இந்த அருவருப்பான சிலந்தி என் மேல் பாய்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது’ என்பதுபோல உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இன்னொரு பிரிவினர், ‘சின்னப் பூச்சிதானே, ஒன்றும் செய்யாது’ என்று தம்மைத் தேற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாம் பிரிவினர் தொடர்பில்லாத எதையோ பேச வேண்டும். நான்காம் பிரிவினர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரம் கழித்து மீண்டும் சிலந்தி முன் நின்றபோது, உள்ளங்கை வியர்வையை அளந்து பார்த்தால், பயத்தைப் பெயர் சொல்லி அழைத்தவர்களின் உடல்தான் மற்றவர்களைவிட அமைதியாக இருந்தது. அவர்களிலும் பயச் சொற்களைக் கூடுதலாகச் சொன்னவர்களுக்குப் பலன் கூடுதல்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மற்றப் பிரிவினரைவிடப் பயம் குறைந்துவிட்டதாக அவர்கள் வாயால் சொல்லவில்லை. கேட்டால் எல்லாப் பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு பயத்தையே சொன்னார்கள். உடல் மட்டும் முந்திக்கொண்டு அடங்கியிருந்தது. ஆகவே நான்கு நாள் சொல்லிப் பார்த்துவிட்டு ‘பயம் அப்படியேதான் இருக்கு’ என்று கைவிட்டுவிடாதீர்கள்.

‘ஒண்ணும் ஆகாது, பயப்படாதே’

அன்பில்தான் சொல்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிலந்தி ஆய்வின் இரண்டாம் பிரிவினர் செய்தது இதைத்தான். ‘பயப்படாதே’ என்று கேட்டவர் அடுத்த முறை பயத்தை உங்களிடம் மறைப்பார். நெஞ்சுவலி என்று சொன்னால் எல்லாரும் பதறி ஓடிவருவார்கள், பயம் என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள் என்று அவர் கற்றுக்கொள்வார். பிறகு எல்லாப் பயமும் நெஞ்சுவலியாகவே வரும். மாறாக, “எது பயமா இருக்கு?” என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருங்கள்.

‘டென்ஷன்’ என்பது பெயராகாது

‘டென்ஷன்’, ‘ஸ்ட்ரெஸ்’, ‘டிப்ரஷன்’. இந்த மூன்று சொற்களையும் எல்லாவற்றுக்கும் போர்த்திவிடுகிறோம். தன் உணர்ச்சிக்குச் சொல் கிடைக்காமல் தவிக்கும் நிலைக்கு அமெரிக்க மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் 1970களில் ‘அலெக்சிதைமியா’ என்று பெயர் வைத்தார். நம் மொழியில் சொல்லுக்கு என்ன பஞ்சம்? தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்காகச் சொல்கிறது. அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகியவற்றால் பிறப்பது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றால் பிறப்பது இளிவரல், அதாவது இழிவுணர்வு. வேலையிழந்து, அதை வீட்டில் சொல்ல முடியாமல் தினமும் பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்திருந்த ஒருவர் ‘பயம், பயம்’ என்றே சொன்னார். பேசப் பேச, அவரை வாட்டியது இழிவாகிப் போனோமே என்ற குமைச்சல் என்று தெரிந்தது. அந்தப் பெயர் கிடைத்த பிறகுதான் யாரிடம் என்ன பேச வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தது.

பேச்சு வழக்கிலும் எத்தனை சொற்கள்! பகீர் என்பது வேறு, பதைப்பு வேறு, உதறல் வேறு. அடிவயிற்றைக் கலக்குவது வேறு, ஈரக்குலை நடுங்குவது வேறு. என்னைப் பார்க்க வரும் பாட்டிகள் இவற்றைத் துல்லியமாகச் சொல்கிறார்கள். பேரன்கள்தான் ‘ஒரு மாதிரி’ என்கிறார்கள்.

‘பயந்த கோளாறு’

குழந்தை இரவில் அலறினால் மந்திரித்துத் திருநீறு பூசுவது, பள்ளிவாசலில் ஓதி ஊதுவது இவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. முன்பெல்லாம் மந்திரிக்கும் பெரியவர் பிள்ளையை மடியில் இருத்தி, “எதைப் பார்த்துடா பயந்தே?” என்று கேட்பார். அந்தக் கேள்விதான் மருந்து. இப்போது கேள்வி போய்விட்டது, கயிறு மட்டும் இருக்கிறது. ஆனால் சூடு வைப்பது, மிளகாய்ப் புகை போடுவது, அடித்து ‘விரட்டுவது’ ஆகியவற்றைச் செய்யாதீர்கள். ஏற்கெனவே பயந்திருக்கும் பிள்ளைக்கு இன்னொரு பயத்தைக் கொடுக்கிறீர்கள். தீக்காயத் தழும்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்றுவலிக்குப் பூச்சி மருந்தும் வேண்டாம். பள்ளியில் யாரைக் கண்டால் பயம் என்று கேளுங்கள்.

‘ஆம்பளைக்கு என்ன பயம்?’

இப்படி வளர்க்கப்பட்டவர்கள் பயத்தைக் கோபமாக மாற்றிப் பெண்டாட்டி பிள்ளைகள் மேல் இறக்குகிறார்கள். அல்லது டாஸ்மாக்கில் இறக்கிவைக்கப் போகிறார்கள். குடி அந்த இரவை மட்டும் மறைக்கும். போதை இறங்கும் விடியற்காலையில் நடுக்கமும் படபடப்பும் இரட்டிப்பாகத் திரும்பும். அதை அடக்க மறுபடியும் குடி. இந்த வட்டத்தில் சிக்கியவர் என்னிடம் வரும்போது பயத்துக்கும் குடிக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கிறது.

அரை மாத்திரை

இதைப் பொறுமையாக எழுத எனக்கு வரவில்லை. மருந்துக் கடையில் ‘நரம்புக்கு’ என்று கேட்டு வாங்கும் அந்தச் சின்ன மாத்திரை பெரும்பாலும் அல்பிரசோலம். 2014 மார்ச் முதல் அது எச்1 அட்டவணையில் இருக்கிறது. மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சீட்டோடு விற்றாலும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இருந்தும் பக்கத்து வீட்டு அக்கா அட்டையைக் கத்தரித்துத் தருகிறார், மைத்துனர் பர்ஸில் வைத்திருக்கிறார். சில வாரங்களில் உடல் அதற்குப் பழகிவிடும். அரை ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். ‘இனி வேண்டாம்’ என்று வீராப்பாக ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். ஏற்கெனவே சாப்பிட்டு வருகிறவர்கள் தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் படிப்படியாகக் குறைத்துத் தருவார்.

மாதக்கணக்கில் விழுங்கும் கேஸ் மாத்திரையும் வேண்டாம். பயத்துக்கு அது மருந்தே இல்லை.

எப்படிச் சொல்வது?

படபடப்பு தொடங்கியதும் உட்காருங்கள். சத்தமாகவோ மெதுவாகவோ முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்: “எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது. செத்துவிடுவேனோ என்று பயம்.” எதற்காக என்பதும் அதில் வர வேண்டும். சொன்னபின் அதனோடு வாதாடாதீர்கள். நாள் முழுக்க அதையே மென்றுகொண்டிருப்பது கவலையை வளர்க்கும், அது வேறு பழக்கம். இந்தப் பீதி அலை பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும். பேச வராதவர்கள் நாட்குறிப்பில் இரண்டு வரி எழுதலாம்.

இது எல்லாருக்கும் போதும் என்று நான் சொல்லவில்லை. வாரந்தோறும் வந்தால், வேலைக்கோ பேருந்தில் ஏறவோ அஞ்சத் தொடங்கினால், அது பீதிக் கோளாறாக இருக்கலாம். அதற்குப் பேச்சு சிகிச்சையும், பழக்கம் ஏற்படுத்தாத மருந்துகளும் உண்டு. அவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 எண். கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

அம்மாக்களே, அப்பாக்களே, பிள்ளை ‘பயமா இருக்கு’ என்று வந்து நிற்கும்போது சிரிக்காதீர்கள். அந்தச் சொல்லை அது கண்டுபிடித்து உங்களிடம் எடுத்து வந்திருக்கிறது. இரவில் புரண்டு படுக்கும் கணவரிடம் “என்ன யோசனை?” என்று ஒரு முறை கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுநாளும் கேளுங்கள். மருந்துக் கடைத் தம்பிகளே, சீட்டு இல்லாமல் அந்த அரை மாத்திரையைத் தராதீர்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

மருத்துவரிடம் வரும்போது ஈசிஜிக் கட்டோடு, எத்தனை மணிக்கு வந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். இதுவரை சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் அட்டைகளும் வேண்டும். காலி அட்டையானாலும் பரவாயில்லை.